புழு இல்லாத முள்: இலையுதிர் காலத்தில் ஸ்ட்ரீமர் போட்டு டிரவுட் பிடிப்பது எப்படி?

கொடிவேரி அணைக்குக் கீழே தூண்டில் போட்டு வளர்ந்தவனுக்கு மீன்பிடிப்பு என்றால் காத்திருப்பதுதான். முள்ளில் மண்புழு, நரம்பில் ஓர் ஈயக்குண்டு, மேலே தக்கை. தக்கை முங்கினால் சுண்ட வேண்டும், முங்காவிட்டால் உட்கார்ந்திருக்க வேண்டும். தடப்பள்ளி வாய்க்கால் மேட்டில் என் அப்புச்சி (அம்மாவின் அப்பா) எனக்குச் சொல்லிக் கொடுத்த பாடம் இவ்வளவுதான். பல ஆண்டுகள் கழித்து, வேலை நிமித்தம் அமெரிக்காவின் பென்சில்வேனியாவில் மூன்று ஆண்டுகள் இருந்துவிட்டு ஊர் திரும்பியபோது, கையோடு கொண்டுவந்த சின்னப் பெட்டி ஒன்றை அவரிடம் திறந்து காட்டினேன். உள்ளே கோழி இறகும் முயல் மயிரும் சுற்றிக் கட்டிய முட்கள். ஒன்றை எடுத்து உள்ளங்கையில் புரட்டிப் பார்த்தார். “இதை எந்த மீன் தின்னும், கண்ணு?” என்றார்.

நியாயமான கேள்வி. அதற்கு அன்று நான் சொன்ன பதில் அரைகுறை. இப்போது கொஞ்சம் ஒழுங்காகச் சொல்லிப் பார்க்கிறேன். வெளிநாட்டில் வேலைக்குப் போயிருக்கும் நம் ஊர்ப் பிள்ளைகளில் சிலர் வீட்டுக்குப் பக்கத்திலேயே டிரவுட் என்ற குளிர்நீர் மீன் வாழும் ஓடை இருந்தும் எங்கே தொடங்குவது என்று தெரியாமல் இருக்கிறார்கள். அவர்களுக்காகவும் இது.

முதலில் முறையின் பெயர். ஃப்ளை ஃபிஷிங் என்கிறார்கள். ஃப்ளை என்றால் ஈ. தண்ணீரில் விழுகிற ஈ, பூச்சிகளைப் போல இறகையும் நூலையும் முள்ளில் கட்டி ஏமாற்றுவதால் வந்த பெயர். நம் தூண்டிலுக்கும் இதற்கும் உள்ள அடிப்படை வேறுபாடு, எடை எங்கே இருக்கிறது என்பதுதான். நம்முடையதில் ஈயக்குண்டு பறக்கிறது, மெல்லிய நரம்பு அதன் பின்னால் ஓடுகிறது. ஃப்ளைக்கோ எடையே கிடையாது. ஓர் இறகை எவ்வளவு ஓங்கி எறிந்தாலும் காலடியில்தான் விழும். ஆகவே எடையைக் கயிற்றுக்கே கொடுத்துவிட்டார்கள். பிளாஸ்டிக் பூசிய தடித்த கயிறு அது. 6-ஆம் எண் கயிறு என்றால் அதன் முதல் 9 மீட்டர் மட்டுமே 10 கிராமுக்குச் சற்று மேல் இருக்கும். மாட்டுவண்டிக்காரர் சாட்டையை வீசுவதைப் பார்த்தவர்களுக்கு மீதியைச் சொல்ல வேண்டியதில்லை. கையின் அசைவு கோலில் ஏறி, கோலிலிருந்து கயிற்றில் ஓடி, நுனியில் போய் முடிகிறது. அந்த நுனியில்தான் ஃப்ளை கட்டியிருக்கும்.

ஃப்ளைகளில் பெரும்பாலானவை பூச்சி வேடம் போட்டவை. ஸ்ட்ரீமர் என்பது மீன் வேடம். 5 முதல் 8 சென்டிமீட்டர் நீளத்தில், சிறு மீனைப் போலவோ அட்டையைப் போலவோ தண்ணீருக்குள் நெளியும்படி கட்டப்பட்டது. கையில் வைத்துப் பார்த்தால் எதைப் போலவும் இருக்காது, நனைந்த பூனைவால் மாதிரி இருக்கும். ஓடும் நீரில் இழுத்தால்தான் இறகு பின்னோக்கி அலைந்து உயிர் வரும். பூச்சி ஃப்ளையைப் பெரும்பாலும் நீரோட்டத்தோடு சும்மா மிதக்க விட வேண்டும். ஸ்ட்ரீமரைச் சும்மா விடவே கூடாது என்பது பொது விதி. அதை ஓட வைக்க வேண்டும்.

இதற்கு நான் கண்ட சிறந்த விளக்கம் தோட்டத்து நாய். இட்டேரியில், அதாவது வேலிகளுக்கு நடுவே போகும் தோட்டத்துப் பாதையில், நீங்கள் மெதுவாக நடந்து போனால் அது தலையைத் தூக்கிப் பார்த்துவிட்டுப் படுத்துக்கொள்ளும். அதே இட்டேரியில் மொபெட்டில் போனால், பசியும் இல்லை பகையும் இல்லை, ஆனாலும் எழுந்து துரத்தும். ஓடுகிற பொருளுக்கும் துரத்துகிற காலுக்கும் இடையில் மூளைக்கு வேலையே இல்லை. பெரிய டிரவுட்டும் அப்படித்தான். 30, 35 சென்டிமீட்டரைத் தாண்டி வளர்ந்த பழுப்பு டிரவுட்டுக்கு (டிரவுட்டில் அது ஒரு வகை) பூச்சி பொறுக்கித் தின்பது கட்டுப்படியாகாது. அதிலிருந்து அது மெல்ல மெல்ல மீன் தின்னியாக மாறுகிறது. கண்ணெதிரே ஒரு சிறு மீன் அடிபட்டதுபோல் தடுமாறி ஓடினால் அதற்குக் கை அரிக்கும், கை இல்லாததால் வாயால் பார்க்கும். ஒரே ஓர் இடத்தில் நாய் உவமை உடைகிறது. வண்டியை நிறுத்தினால் நாய் குழம்பி நின்றுவிடும். ஸ்ட்ரீமரை நிறுத்தினால் டிரவுட் கடிக்கும். ஏன் என்று பிறகு வருகிறேன்.

இந்தப் பொருளைக் கட்டிப் பெயர் பெற்றவர்களில் எனக்குப் பிடித்தவர் அமெரிக்காவின் மேய்ன் மாநிலத்தைச் சேர்ந்த கேரி ஸ்டீவன்ஸ். தொப்பி செய்வது அவர் தொழில், ஆகவே இறகு அவருக்குப் பழகிய சரக்கு. 1924 ஜூலை 1 அன்று தானே கட்டிய ஸ்ட்ரீமரால் 3 கிலோவைத் தாண்டிய புரூக் டிரவுட் ஒன்றைப் பிடித்தார். பிறகு ஊரே அவரிடம் வந்து நின்றது. அவர் வடிவமைத்த கிரே கோஸ்ட் என்ற ஸ்ட்ரீமர் இன்றும் கட்டப்படுகிறது. ஆனால் புதியவர் வாங்க வேண்டியது அதை அல்ல, வூலி பக்கரை. பென்சில்வேனியாவைச் சேர்ந்த ரஸ்ஸல் பிளெஸ்ஸிங் 1967-இல் கட்டியது. அவர் குறிவைத்தது டிரவுட்டைக்கூட அல்ல, ஸ்மால்மவுத் பாஸ் என்ற வேறொரு மீனை. வால் பக்கம் மெத்தென்ற இறகுக் கற்றை, உடலில் தடித்த நூல், அதன் மேல் சுற்றிய சேவல் இறகு. அட்டை என்றால் அட்டை, மீன்குஞ்சு என்றால் மீன்குஞ்சு. கறுப்பு, ஆலிவ் பச்சை, வெள்ளை ஆகிய மூன்று நிறங்களில் இரண்டிரண்டு இருந்தால் ஒரு பருவம் ஓட்டிவிடலாம். பெட்டி நிறைய வாங்குவது மீனுக்காக அல்ல, நமக்காக. நானும் அந்தத் தப்பைச் செய்தவன்தான்.

தண்ணீரின் குளிர்ச்சி

டிரவுட்டைப் புரிந்துகொள்ள வெப்பமானி ஒன்று போதும். 10 முதல் 18 டிகிரி செல்சியஸ் வரையுள்ள நீரில் அது சுகமாக இருக்கும். 20-ஐத் தாண்டினால் திணறும். 25-ஐ நெருங்கினால் உயிருக்கே ஆபத்து. காரணம் காற்று. 10 டிகிரி நீரில் லிட்டருக்குச் சுமார் 11 மில்லிகிராம் ஆக்சிஜன் கரைந்திருக்க முடியும், 30 டிகிரியில் ஏழரைதான். நம் வாய்க்கால் விரால் இதற்கெல்லாம் அஞ்சாது. சேறும் சூடுமான குட்டையில்கூட மேலே வந்து ஒரு வாய்க் காற்றை விழுங்கிவிட்டு உள்ளே போய்விடும். டிரவுட்டுக்கு அந்த வசதி இல்லை.

இதைக் காண அமெரிக்கா போக வேண்டியதில்லை. மேட்டுப்பாளையத்திலிருந்து மலையேறி, ஊட்டியைத் தாண்டி அவலாஞ்சிக்குப் போனால் அங்கே டிரவுட் உண்டு. பெயரைப் பார்த்துப் பனிச்சரிவு என்று எண்ண வேண்டாம், 1823-இல் நிகழ்ந்த பெரிய மண்சரிவால் வந்த பெயர் அது. ஆங்கிலேயர் பத்தொன்பதாம் நூற்றாண்டிலிருந்தே நீலகிரியில் டிரவுட்டைக் குடியேற்ற முயன்று தோற்றார்கள். 1907-இல் எச்.சி. வில்சன் அவலாஞ்சியில் குஞ்சு பொரிப்பகம் தொடங்கிய பிறகுதான் வானவில் டிரவுட் அந்த ஓடைகளில் நிலைத்தது. அங்கிருந்து இறங்கும் தண்ணீர் குந்தா வழியாகப் பில்லூருக்கு வந்து, பவானியாகி, பவானிசாகரில் தேங்கி, கொடிவேரியில் விழுகிறது. மேலே டிரவுட் நீந்திய அதே தண்ணீர்தான் கீழே என் அப்புச்சியின் தக்கையை ஆட்டியது. இடையில் ஏறிய சூடுதான் இரண்டு மீன் உலகங்களுக்கும் நடுவே உள்ள வேலி. (அவலாஞ்சிப் பகுதி ஓடைகள் பெரும்பாலும் காப்புக்காட்டுக்குள் இருக்கின்றன. பார்ப்பதோடு நிறுத்திக்கொள்ள வேண்டும், அனுமதி இல்லாமல் தூண்டிலை எடுக்கக் கூடாது.)

ஏன் இலையுதிர் காலம்?

நம் ஊரில் இலையுதிர் காலம் என்று ஒன்று கிடையாது. வேம்பு இலை கொட்டுவது வெயில் ஏறும்போது. வட அமெரிக்காவில் செப்டம்பர் கடைசி முதல் நவம்பர் வரை, நம் கணக்கில் புரட்டாசி, ஐப்பசி, கார்த்திகைத் தொடக்கம். பழந்தமிழ்ப் பருவப் பகுப்பில் ஐப்பசியும் கார்த்திகையும் கூதிர், குளிர் காற்றின் காலம். அந்தச் சொல் பென்சில்வேனியாவுக்குக் கச்சிதமாகப் பொருந்துகிறது. புரட்டாசியில் நம் வீடுகளில் கவுச்சி கிடையாது, மீன்கடைக்காரர் ஈ ஓட்டுவார். அங்கே ஸ்ட்ரீமர்காரர்கள் பெட்டியைத் திறப்பது அப்போதுதான்.

காரணங்கள் ஒன்றின்மேல் ஒன்றாக வந்து சேர்கின்றன. கோடையில் சூடேறிச் சோர்ந்திருந்த ஓடை மெல்லக் குளிர்கிறது, டிரவுட்டுக்கு மூச்சு வருகிறது. பகல் சுருங்குகிறது. பூச்சிகள் குறைகின்றன. வசந்தத்தில் பொரித்த சிறு மீன்கள் அந்த ஆண்டு முழுதும் தின்று, ஒரு வாய்க்கு உகந்த அளவில் வளர்ந்து நிற்கின்றன. முன்னால் நீண்ட பனிக்காலம் இருக்கிறது. இதெல்லாம் பசியின் கணக்கு.

அதைவிடப் பெரிய காரணம் கோபம். பழுப்பு டிரவுட்டும் புரூக் டிரவுட்டும் முட்டையிடுவது இலையுதிர் காலத்தில். வானவில் டிரவுட்டுக்கு அங்கே அது பெரும்பாலும் வசந்தத்தில், ஆகவே இந்தப் பேச்சு அதற்கு அவ்வளவாகப் பொருந்தாது. முட்டையிடும் காலம் நெருங்கும்போது பெரிய பழுப்பு டிரவுட்டுகள் தங்கள் ஆழமான ஒளிவிடங்களை விட்டு நீரோட்டத்தை எதிர்த்து மேலே நகர்கின்றன. ஆணின் கீழ்த்தாடை கொக்கிபோல் வளைகிறது, வயிறு மஞ்சளும் செம்மையுமாக மின்னுகிறது. இடத்துக்குச் சண்டை தொடங்குகிறது. எல்லைக்குள் எது நுழைந்தாலும் அடித்துத் துரத்தும். ஸ்ட்ரீமர் அந்த எல்லைக்குள் நுழைகிறது.

கொங்கு நாட்டில் இதை யாருக்கும் புதிதாகச் சொல்ல வேண்டியதில்லை. சிவப்புக் குஞ்சுக் கூட்டத்தைக் காவல் காக்கும் விராலைப் பார்த்தவர்களுக்குத் தெரியும். அந்த நேரத்தில் அது தவளையைத் தின்பதற்காக வருவதில்லை, வெளியேற்றுவதற்காக வருகிறது. தண்ணீர் வெடிக்கிற சத்தம் கேட்டு நான் சின்ன வயதில் வாய்க்கால் மேட்டில் பின்னால் விழுந்திருக்கிறேன்.

இழுப்பு

இனிக் கையின் வேலை. 9 அடிக் கோல், 6 அல்லது 7-ஆம் எண் கயிறு. ஆழம் குறைந்த ஓடையென்றால் மிதக்கும் கயிறு போதும், ஆழமும் வேகமும் உள்ள இடத்துக்கு நுனி மட்டும் அமிழும் கயிறு நல்லது. கயிற்றுக்கும் ஃப்ளைக்கும் இடையில் கட்டும் நரம்பைப் பூச்சி ஃப்ளைக்குப் போடுவதைவிடத் தடிமனாகப் போட வேண்டும், 10 முதல் 15 பவுண்டு தாங்குவது. அமிழும் கயிற்றில் அது நாலைந்து அடி இருந்தால் போதும். நீண்டால் கயிறு அடியில் போகும், ஃப்ளை மேலே மிதக்கும்.

வீச்சில் ஓர் எச்சரிக்கை. ஸ்ட்ரீமருக்குத் தலையில் உலோக மணியோ கண்ணோ இருக்கும், நனைந்தால் கனம் இன்னும் கூடும். பின்வீச்சில் கயிறு முழுதும் நீளும்வரை பொறுத்து, அகன்ற வளையமாக, நிதானமாக முன்னால் வீச வேண்டும். அவசரப்பட்டால் அது பின்மண்டையில் வந்து உட்காரும். தொப்பியும் கண்ணாடியும் இல்லாமல் இந்த வேலை வேண்டாம். இரண்டுமே எனக்கு ஒருமுறை உதவியிருக்கின்றன, தொப்பியில் இன்னும் ஓட்டை இருக்கிறது.

எங்கே போடுவது? நீரோட்டம் அரித்துக் குடைந்த கரையோரம், விழுந்து கிடக்கும் மரம், பாறையின் பின்புறம், சலசலக்கும் ஆழமற்ற நீர் சட்டென்று ஆழத்துக்குள் இறங்கும் விளிம்பு. எதிர்க்கரையை ஒட்டி வீசுங்கள். ஒரு சாண் தள்ளி விழுந்தால்கூடப் பல நேரம் பயனில்லை. விழுந்ததும் இரண்டு மூன்று விநாடி அமிழ விடுங்கள். கோலின் நுனியைத் தண்ணீரைத் தொடும் அளவுக்குத் தாழ்த்தி, ஃப்ளையை நோக்கி நேராக வையுங்கள். கோல் பிடித்த கையின் ஆள்காட்டி விரலுக்கடியில் கயிற்றைக் கொடுத்து, மறு கையால் வெட்டி வெட்டி இழுங்கள். ஒரு நீண்ட இழுப்பு, இரண்டு குட்டி இழுப்பு, ஒரு நிறுத்தம். ரீலைச் சுற்றி இழுப்பதில்லை, கை இழுத்த கயிறு காலடியில் வளையம் வளையமாக விழுந்து கிடக்கும்.

அந்த நிறுத்தத்தில்தான் பெரும்பாலும் அடி விழுகிறது. ஓடிக்கொண்டிருந்த இரை ஒரு கணம் துவண்டு தலை கவிழ்கிறது. துரத்தி வரும் மீனுக்கு இதைவிட நல்ல வாய்ப்பு கிடைக்காது. நிறுத்தம் ஒரு விநாடிதான் இருக்க வேண்டும், அதற்கு மேல் போனால் பார்வையிட நேரம் கிடைத்துவிடும். பின்னாலேயே வந்துகொண்டு கடிக்காமல் இருக்கும் மீனைக் கண்டால், நமக்கெல்லாம் வருகிற முதல் எண்ணம் மெதுவாக இழுத்து அதற்கு வழி கொடுப்பது. தப்பு. பிடிபடப்போகிற எந்தக் குஞ்சும் வேகத்தைக் குறைக்காது. வேகத்தைக் கூட்டுங்கள் அல்லது சட்டென்று திசை மாற்றுங்கள்.

கடித்ததும் செய்ய வேண்டியதில்தான் தக்கையோடு வளர்ந்த நாம் தோற்போம். என் முதல் அக்டோபரில், பென்ஸ் கிரீக் ஓடையில், முழங்கை நீளப் பழுப்பு டிரவுட் ஒன்று மரத்தடியிலிருந்து பாய்ந்து வந்து அடித்தது. அப்புச்சி கற்றுக்கொடுத்தபடி கோலை மேலே சுண்டினேன். ஃப்ளை தண்ணீரைவிட்டுத் துள்ளி என் காதோரம் பறந்தது. மீன் இருந்த இடத்தில் ஒரு சுழி மட்டும் இருந்தது. ஸ்ட்ரீமரில் கோலைத் தூக்கவே கூடாது. கயிறு இழுக்கும் கையாலேயே இன்னும் ஒரு நீண்ட, அழுத்தமான இழுப்பு இழுக்க வேண்டும். முள் ஏறினால் ஏறியது. ஏறாவிட்டாலும் ஃப்ளை ஒரு முழம் நகர்ந்து தண்ணீருக்குள்ளேயே இருக்கும். முதல் அடியில் இரையை அரைகுறையாக ஊனப்படுத்திவிட்டு, திரும்பி வந்து விழுங்குவது டிரவுட்டின் பழக்கம். அந்த இரண்டாம் வரவுக்கு இரை அங்கே இருக்க வேண்டுமல்லவா? இந்த ஒரே பழக்கத்தை மாற்ற எனக்கு ஒரு பருவம் முழுதும் ஆனது.

நேரத்தைப் பொறுத்தவரை, விடியலும் அந்தியும் மேகமூட்டமும் நல்லவை. மழைக்குப் பின் தண்ணீர் டீ நிறத்தில் லேசாகக் கலங்கியிருந்தால் இன்னும் நல்லது, பெரிய மீன் அப்போதுதான் தைரியமாக வெளியே வரும். தெளிந்த வெயில் நாளில் வீட்டில் இருக்கலாம். இன்னொரு தொல்லையும் உண்டு. பெயரே சொல்வதுபோல் இலை உதிர்கிறது. காற்றடித்த நாளில் மேப்பிள் இலைகள் ஓடையை மூடி மிதக்கும். வீசும் ஒவ்வொரு முறையும் முள்ளில் ஓர் இலை. இலை மாட்டிய ஸ்ட்ரீமரை எந்த டிரவுட்டும் மதிக்காது. அப்படி ஒரு நாளில் நாற்பது இலை வரை எண்ணிவிட்டுக் கோலை மடக்கிக்கொண்டு வந்திருக்கிறேன்.

தொடக் கூடாத மீன்

கோபத்தைப் பயன்படுத்திப் பிடிக்கிறோம் என்பதால் ஓர் எல்லையும் இருக்கிறது. மேலே நகர்ந்துகொண்டிருக்கும் மீனுக்கு வீசலாம். முட்டையிட்டுக்கொண்டிருக்கும் மீனுக்கு வீசக் கூடாது. பெண் டிரவுட் பக்கவாட்டில் சாய்ந்து வாலால் அடித்து அடித்துக் கூழாங்கல் படுகையில் பள்ளம் பறித்து, முட்டையிட்டு, மேல்புறக் கற்களைப் பெயர்த்து மூடுகிறது. பாசி படிந்த படுகைக்கு நடுவே கழுவிவிட்டதுபோல் வெளுத்த நீள்வட்டம் தெரிந்தால் அதுதான் கூடு. குளிர்காலம் முழுதும் முட்டைகள் அந்தக் கற்களுக்கடியில் இருக்கும். ஒரு காலடி போதும், நசுங்கிவிடும். அக்டோபர் நடுவிலிருந்து, நீரில் இறங்கி நடக்கும்போது காலுக்கடியில் என்ன இருக்கிறது என்று பார்த்து நடங்கள், வெளுத்த இடம் கண்டால் கரையேறிச் சுற்றிப் போங்கள். குஞ்சோடு இருக்கும் விராலைப் பிடித்து வந்தால் அப்புச்சி சமைக்க விடமாட்டார், திரும்பக் கொண்டுபோய் விடச் சொல்வார். அது இல்லாத குஞ்சுகளை மற்ற மீன்கள் ஒரே மாலையில் முடித்துவிடும் என்பார்.

திரும்ப விடுவதென்றால் முள் நுனியில் பின்னோக்கி நீட்டியிருக்கும் கொண்டியை இடுக்கியால் நசுக்கிவிடுங்கள், கையை நனைத்துக்கொண்டு தொடுங்கள், மீனைத் தண்ணீருக்குள்ளேயே வைத்துக் கழற்றுங்கள். உலர்ந்த கை அதன் வழவழப்பை உரித்துவிடும். பென்சில்வேனியாவில் மீன்பிடி உரிமமும் அதோடு தனி டிரவுட் அனுமதியும் வேண்டும். மற்ற மாநிலங்களில் விதிகள் வேறு, சில ஓடைகளை இலையுதிர் காலத்தில் மூடியும் வைப்பார்கள். முதல் வீச்சுக்கு முன் அதைப் படித்துவிடுங்கள்.

பழகுவதற்கு டிரவுட் வேண்டியதில்லை, தண்ணீர்கூட வேண்டியதில்லை. முள்ளை வெட்டியெடுத்த ஃப்ளையைக் கட்டி நெல் உலர்த்தும் களத்தில் வீசிப் பழகலாம். நான் ஊருக்கு வந்தபின் அப்புச்சியின் பண்ணைக்குட்டையில் ஆலிவ் நிற வூலி பக்கரைப் போட்டு வெட்டி வெட்டி இழுத்தேன். மூன்றாவது நிறுத்தத்தில் கையளவு ஜிலேபிக் கெண்டை ஒன்று அடித்தது. கயிற்றுக் கட்டிலில் உட்கார்ந்து பார்த்துக்கொண்டிருந்தவர் எழுந்து வந்து மீனை விட்டுவிட்டு ஃப்ளையைப் பிடித்துப் பார்த்தார்.

மறுநாள் காலை என் தலைமாட்டில் சேவலின் கழுத்து இறகுகள் நாலைந்து கிடந்தன. தண்ணீர் மேல் மிதக்க வேண்டிய ஃப்ளைக்கு அவை ஆகாது, அதற்கென்றே விறைத்த இறகுக்காக அமெரிக்காவில் தனிச் சேவல் இனங்கள் வளர்க்கிறார்கள். ஸ்ட்ரீமருக்கு மெத்தென்று, நனைந்ததும் துவளும் இறகு வேண்டும். நாட்டுச்சேவல் இறகு சரியாக அப்படித்தான் இருந்தது. இரண்டைக் கட்டி முடித்தேன். மூன்றாவதற்கு நூல் தீர்ந்துவிட்டது.